ஆரோக்கியப் பிரிவு ஜியாவுல்லா

கோமளவல்லி அம்மாள் நினைவுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளிப் பஞ்சம் வந்ததே கிடையாது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி ஐந்து மாடி எழுப்பி, வாசலில் கோமளவல்லி அம்மாளைச் சிரித்த முகமாகச் சிலை வைத்திருக்கிறார்கள். அம்மாளுக்கு வாயில் ஒரு பல் கூட இல்லை என்பதைச் சிற்பி மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் கல்லூரியின் மஞ்சள் பஸ் ஊருக்குள் நுழைந்து, தோல் பதனிடும் ஷாப்புக்கு லீவு விட்டதால் வீட்டில் இருக்கும் பல்வலிக்காரர்களை அள்ளிக்கொண்டு வரும். பல் மருத்துவக் கவுன்சில் ஆட்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிற நாளாக இருந்தால் வலி இல்லாதவர்களும் ஏறிக்கொள்வார்கள். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி உண்டு.

பஞ்சம் வந்தது ஆரோக்கியமானவர்களுக்கு.

வாய் நோய்த் துறையின் தலைவர் டாக்டர் பரந்தாமன் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு வாயில் புண்ணும் வெள்ளைத் திட்டும் ஏன் வருகிறது? நாள் முழுக்க அவர்கள் சுவாசிக்கிற கெமிக்கலாலா, அல்லது அந்த வாடை தாங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொள்கிற மாவாவாலா? புகையிலையையும் பாக்கையும் சுண்ணாம்போடு கசக்கி உருட்டினால் அதுதான் மாவா. கேள்வி நல்ல கேள்வி. பதிலும் தயாராகவே இருந்தது. அந்தக் கெமிக்கலை வட்டாரம் முழுக்க விற்றுத்தான் சேர்மன் இந்தக் கல்லூரியைக் கட்டினார். ஆகவே டாக்டர் பரந்தாமன் முடிவுரையை முதலில் எழுதி, சேர்மனிடம் காட்டி, நல்லாயிருக்கு என்று வாங்கிவிட்டார். மாவா போடுகிறவனுக்குப் புண் வரும், போடாதவனுக்கு வராது. இனி ஆளைப் பிடித்து வாயைத் திறந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

மாவா போடுகிறவர்கள் பஸ் நிறையக் கிடைத்தார்கள். போடாதவர்களைத் தேடித்தான் டாக்டர் ஹெலனின் செருப்பு தேய்ந்தது. ஹெலன் மேல்படிப்பு மாணவி. இந்த ஆராய்ச்சிதான் அவளுடைய பட்டத்துக்கான ஆய்வும். ஷாப்பு ஷாப்பாகப் போய் கேட்டில் நின்று, "பழக்கம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டாள். பல் ஆஸ்பத்திரியில் பழக்கம் என்றால் இது ஒன்றுதான். அன்பு, பொறுமை, காலையில் எழுந்து நடப்பது எல்லாம் அவர்கள் கணக்கில் வராது. "இருக்குதும்மா" என்று எல்லோரும் நேர்மையாகச் சொன்னார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை ஷஹீன் பானு தன் கடவாய்ப் பல் வலியோடு பஸ்ஸில் வந்தாள். அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. கூடத் துணைக்கு அவள் புருஷன் ஜியாவுல்லா. இவன் ஷாப்பில் ஈரத்தோலை இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறவன். அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன் நின்று தோலை இழுத்துக் கிளிப் மாட்ட வேண்டும். எதிரே நிற்பவன் தேவசகாயம். ஒரே தோலைப் பல வருஷமாக ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாலும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. காரணம், ஜியாவுல்லா பேசிக்கொண்டே இருப்பான், தேவசகாயம் மாவாவை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பான். கல்யாணப் பேச்சு, கட்சிப் பேச்சு, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்ட பேச்சு, எதுவானாலும் ஜியாவுல்லா வாயில் ருசியாகிவிடும். ஷாப்பிலேயே மாவா போடாத ஒரே ஆள் அவன். ஒழுக்கத்தால் அல்ல, வாயில் எதையாவது அடக்கினால் பேச முடியாது என்பதால்.

அன்றைக்கும் மனைவி நாற்காலியில் வாய் திறந்து படுத்திருக்க, அவளுக்கும் சேர்த்து இவனே பேசிக்கொண்டிருந்தான். "ராத்திரியெல்லாம் ஒரே பேஜாரு டாக்டரம்மா. இவ தூங்கல, என்னையும் தூங்கவுடல. நானும் கிராம்பு வெய்யின்னேன், கேக்கல."

ஹெலன் அவன் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எங்க வேல செய்றீங்க?"

"தோல் ஷாப்புல."

"மாவா?"

"அத்தப் போட்டா எப்டி மேடம் பேசறது?"

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைப் பிடிக்காத குறையாக அவனை மாடிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் பரந்தாமன் தன் மாணவர்களையெல்லாம் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தி, ஜியாவுல்லாவின் கன்னத்தை விலக்கி, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, விளக்கை அடித்து, "பாத்துக்குங்க. தோல் ஷாப்புல வேல, ஆனா பழக்கம் கிடையாது. இந்த மாதிரி வாய் இனிமே கிடைக்காது" என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள். தன் வாயைத் திறந்ததற்காக, அதுவும் ஒரு வார்த்தை பேசாமல் திறந்ததற்காக, ஜியாவுல்லா கைதட்டல் வாங்கியது அதுவே முதல் தடவை.

அவனை ஆரோக்கியப் பிரிவில் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை வந்து வாயைக் காட்ட வேண்டும், ஆய்வு முடிகிறவரை வாய்க்கு வேறு எங்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது, பதிலுக்கு ஷஹீன் பானுவின் பல்லுக்கு வேர் சிகிச்சை முழுவதும் இலவசம். கரும்பு தின்னக் கூலியா என்று அவன் சந்தோஷமாகச் சம்மதித்தான். பச்சை நிறத்தில் ஒரு பேட்ஜும் கொடுத்தார்கள். தேவசகாயத்துக்குக் கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததால் அவனைப் பழக்கப் பிரிவில் சேர்த்து, சிவப்பு பேட்ஜும் தடவிக்கொள்ள ஒரு ட்யூப் மருந்தும் கொடுத்தார்கள்.

"இன்னா பாய், ஒழுங்கா இருந்ததுக்கு உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குப் பாத்தியா, மருந்து" என்றான் தேவசகாயம்.

"உனுக்கு மருந்து, எனுக்கு மரியாதைடா" என்றான் ஜியாவுல்லா. அந்தப் பேட்ஜை அவன் ஷாப்பிலும் குத்திக்கொண்டு திரிந்தான்.

சில மாதம் மரியாதை நன்றாக நடந்தது. பிறகு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது.

முதலில் அது சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான். காரம் பட்டால் எரிந்தது. ஷஹீன் பானு நெய் தடவச் சொன்னாள், தடவினான். ஆறவில்லை. மாதாந்திர நாள் வந்தபோது, எப்படியும் டாக்டரிடம்தானே போகிறோம் என்று நிம்மதியாகப் பஸ் ஏறினான். ஊரில் வேறு எவனுக்குப் புண் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக யோசிப்பான். இவனுக்கோ போகிற நாளே முன்கூட்டிக் குறித்திருந்தது. அதைவிடப் பாதுகாப்பு என்ன இருக்கிறது என்று நினைத்தான் பாவம்.

ஹெலன் நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தொட்டாள். புண்ணின் விளிம்பு தடித்துக் கெட்டியாக இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் டாக்டர் பரந்தாமனைக் கூட்டிவந்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு ஜியாவுல்லாவிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"மாவா போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஒளிக்காதீங்க. டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் ஒளிக்கக் கூடாது."

"அல்லா சத்தியமா இல்ல சார்."

"அப்ப இது புண் இல்ல" என்றார் டாக்டர் பரந்தாமன்.

ஹெலன் மெதுவாக, "சார், விளிம்பு கெட்டியா இருக்கு. ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிரலாமா சார்?" என்றாள்.

அவர் அவளை ஓரமாக அழைத்துப் போனார். ஓரம் என்றாலும் நாற்காலியிலிருந்து எட்டிய தூரம்தான். நோயாளிக்கு வாய்தான் திறந்திருக்கும், காது மூடியிருக்கும் என்பது அவர் எண்ணம். "ஹெலன், அறிவியல்னா என்ன? காரணம் இருந்தா காரியம். பழக்கம் இல்லாம புண் வந்தா அது காரணமில்லாத காரியம். அத நாம பாத்தா, நம்ம கண்ணத்தான் சந்தேகப்படணும். சேர்மன் சார் போன வாரம்தான் வெளிநாட்டுக் கான்ஃபரன்ஸுக்கு உனக்கும் எனக்கும் டிக்கெட் போட்டிருக்காரு. அந்த நேரத்துல நாம நம்ம கண்ண நம்பறதா?"

ஹெலன் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா பேர்ணாம்பட்டில் பள்ளிக்கூட வாத்தியார். மகளின் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்தவர். இதைச் சொல்வது அவளுக்குச் சமாதானம் தேடித்தர அல்ல. நல்லவர்களை வைத்துத்தான் இந்த மாதிரி இடங்கள் ஓடுகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

பல் குத்தியிருக்கும் என்று முடிவாயிற்று. கீழே இறங்கிப் பல் அடைக்கும் துறைக்குப் போனான். அவர்கள் பல்லை மட்டும் பார்த்து, கூராக இருக்கிறது என்று ராவிவிட்டார்கள். ஈறு துறைக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஈறு பிரமாதம் என்றார்கள். பல் கட்டும் துறையில், பல் விழுந்ததும் வாருங்கள் என்று அன்பாகச் சொன்னார்கள். ஒவ்வொரு மாடியிலும் அவன் வாயைத் திறந்தான், ஒவ்வொருவரும் தங்களுக்குச் சொந்தமானதை மட்டும் பார்த்து மூடச் சொன்னார்கள். நாக்கு எந்த மாடிக்குச் சொந்தம் என்று கேட்டான். வாய் நோய்த் துறைக்கு, என்று மறுபடி மேலே அனுப்பினார்கள். அங்கே அதற்குள் மாதாந்திரப் போட்டோ எடுக்கும் நேரமாகிவிட்டிருந்தது. வலது பக்கமாக எடுத்தார்கள்.

அடுத்த மாதம் புண் பெரிதாகியிருந்தது. பேச்சு கொஞ்சம் கொழகொழத்தது. ஷாப்பில் தேவசகாயம் தோலை இழுத்தபடி நிமிர்ந்து பார்த்தான். "இன்னா பாய், காலைலேர்ந்து ஒரு வார்த்த வரல? மச்சினன் கல்யாணக் கதைய பாதியில வுட்டுட்ட."

"வலிக்குதுடா."

தேவசகாயம் தன் ட்யூப் மருந்தை எடுத்து நீட்டினான். "தடவிக்கோ. எனக்கு எரியறதுகூட இல்ல, சும்மா வெள்ளையாக் கீது."

ஜியாவுல்லா தடவிக்கொண்டான், வழவழவென்று இருந்தது. இந்தச் செய்தி எப்படியோ கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. புண் இருந்த செய்திக்கு அசையாத டாக்டர் பரந்தாமன், இந்தச் செய்திக்கு ஆடிப்போனார். சிவப்புப் பிரிவின் மருந்து பச்சைப் பிரிவின் வாய்க்குள் போய்விட்டதே! இருவரையும் வரவழைத்து, ஆராய்ச்சியின் புனிதத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். தேவசகாயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். வைத்தியம் பார்த்துக்கொண்டதற்காக ஜியாவுல்லாவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

ஹெலனுக்கு மனசு கேட்கவில்லை. ஆரோக்கியப் பிரிவைச் சேர்ந்தவரின் நாக்கிலிருந்து துண்டு எடுக்க அனுமதி வேண்டும் என்று கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிப்போட்டாள். நோயாளிகளுக்கு அநீதி நடக்காமல் காப்பதற்கென்றே ஏற்பட்ட குழு அது. குளிரூட்டிய அறையில் கூடினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. சட்டப்படி அதில் ஒரு பாமரரும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கல்லூரிக் கேன்டீன் கான்ட்ராக்டர் இருந்தார். ஜியாவுல்லாவையும் ஷஹீன் பானுவையும் சுவரோரம் உட்காரவைத்தார்கள்.

நீதிபதி விஷயத்தைக் கேட்டு அதிர்ந்தார். "ஆரோக்கியமான ஒரு மனிதனின் நாக்கில் கத்தி வைப்பதா? ஏழைத் தொழிலாளி என்றால் எது வேண்டுமானாலும் செய்யலாமா? முப்பது வருஷம் நான் பெஞ்சில் உட்கார்ந்து எதற்கு நீதி சொன்னேன்?"

"ஐயா, அவருக்குப் புண் இருக்கு" என்றாள் ஹெலன்.

"அவர் எந்தப் பிரிவு?"

"ஆரோக்கியப் பிரிவுங்க."

"புண் இருந்தா ஆரோக்கியப் பிரிவில் எப்படி இருப்பார்? நீங்களே முரண்படுகிறீர்களே அம்மா." நீதிபதி டாக்டர் பரந்தாமனைப் பார்த்தார். பரந்தாமன் வருத்தத்தோடு தலையசைத்தார். இளைய தலைமுறை அவசரப்படுகிறது என்று அந்த அசைவுக்கு அர்த்தம்.

பாமரரின் கருத்தைக் கேட்டார்கள். கேன்டீன் கான்ட்ராக்டர் எழுந்து, "நம்ம கேன்டீன் சாப்பாட்டுல காரம் கம்மிங்க. அதனால புண் வர வாய்ப்பில்லங்க" என்றார். அது குறிப்பில் ஏற்றப்பட்டது.

ஷஹீன் பானுவால் பொறுக்க முடியவில்லை. அவள் எழுந்து நின்றாள். கடவாய்ப் பல்லின் வேர் சிகிச்சை இன்னும் பாதியில் இருந்ததால் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. "சார், நீங்க எல்லாரும் பெரியவங்க. இவரு வாயத் தொறக்கச் சொல்லி ஒரு தபா பாருங்க சார். இவரு பேச்ச வுட்டுட்டாரு சார். வூட்ல இருக்கறதே தெரியல. எனுக்குப் பயமா கீது."

நீதிபதி கனிவாகச் சொன்னார். "அம்மா, உங்கள் கணவரைக் காப்பாற்றத்தான் நாங்கள் இருக்கிறோம். அவர் வாயை நாங்கள் பார்க்கக் கூடாது. அது அவருடைய அந்தரங்கம்."

கத்தி வைக்கத் தடை விதித்து, தொழிலாளியின் உடலைக் காத்த பெருமையோடு குழு கலைந்தது. எல்லோருக்கும் முந்திரி கேக்கும் காபியும் கொடுத்தார்கள். ஜியாவுல்லாவுக்கும் கொடுத்தார்கள், அவனால் மெல்ல முடியவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது டாக்டர் பரந்தாமன் அவன் தோளில் கைபோட்டார். அவர் கெட்டவர் அல்ல. "பாய், என் கையில ஒண்ணும் இல்ல. உங்களப் பழக்கப் பிரிவுக்கு மாத்தினா அன்னிக்கே துண்டு எடுத்து டெஸ்ட், மருந்து, எல்லாம் ஃப்ரீ. ஆனா உங்களுக்குப் பழக்கம் இல்லையே!"

ஜியாவுல்லா அதை யோசித்தான். யோசித்து, மறுநாள் ஷாப்பின் பின்பக்கம், பச்சைத்தோல் உப்புப்போட்டு அடுக்கியிருந்த இடத்தில் தேவசகாயத்தின் முன்னால் கையை நீட்டினான்.

"குடுடா."

"பைத்தியமா பாய் உனக்கு? நானே வுடணும்னு பாக்கறேன்."

"பழக்கம் இருந்தாத்தான் பாப்பாங்களாம். குடு."

தேவசகாயம் தன் வாழ்நாளில் பல பேருக்கு மாவா கொடுத்திருக்கிறான். அழுதுகொண்டே கொடுத்தது அன்றைக்குத்தான். ஒரு சின்ன உருண்டை. ஜியாவுல்லா அதை வலது கன்னத்தில் அடக்கினான். தலை சுற்றியது. சாறு இறங்கி இடது பக்கப் புண்ணில் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குப்புற விழுந்து வாந்தியெடுத்தான். வாய் கழுவிக்கொண்டு வந்து இன்னொன்று கேட்டான். இரண்டு மூன்று வாரம் இப்படியே பாடுபட்டுப் பழகினான். பழகிவிட்டதும் பெருமையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனான். பற்கள் காவியேறியிருந்தன.

டாக்டர் பரந்தாமன் மகிழ்ந்தார். கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது. "பாத்தியா ஹெலன், நான் சொன்னேன்ல? பழக்கம் இல்லாம வராது." பிறகு விதிமுறையைப் புரட்டியவர் முகம் வாடினார். "எப்பலேர்ந்து போடறீங்க?"

"போன மாசம் சார்."

"அடடா. பழக்கப் பிரிவுன்னா அஞ்சு வருஷப் பழக்கம் இருக்கணுமே." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "விடாம போட்டுட்டு வாங்க. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் முதல் ஆளா உங்கள எடுத்துக்கறேன். அதுவரைக்கும் பச்சைதான்."

அன்றைக்கு மாலை ஹெலன் பஸ் நிற்கும் இடம்வரை அவர்கள் பின்னாலேயே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க இனிமே வராதீங்க. நாளைக்கே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள். ஷஹீன் பானு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்த முதல்லயே சொல்லக்கூடாதா நீ?"

 முதலிலேயே சொல்ல முடிந்திருந்தால் ஹெலன் அந்தக் கல்லூரியில் அவ்வளவு நாள் இருந்திருக்க மாட்டாள்.

வேலூரில் ஒரு வயதான டாக்டர் பார்த்தார். நாக்கைத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டார். கழுத்தில் தடவினார், அங்கே கட்டி இறங்கியிருந்தது. "இவ்வளவு நாளா யார்கிட்டயும் காட்டலியா?" என்று கோபமாகக் கேட்டார்.

"மாசா மாசம் காட்னோம் சார்" என்றாள் ஷஹீன் பானு. "கை தட்னாங்க சார்."

டாக்டருக்குப் புரியவில்லை, விளக்குகிற தெம்பு அவளுக்கும் இல்லை. ஜியாவுல்லா பேச முயன்றான். அவன் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று, நாக்கு மிஞ்சுமா என்று. அதைக் கேட்கிற அளவுக்கே நாக்கு ஒத்துழைக்கவில்லை. டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "பாதியாவது காப்பாத்தப் பாக்கறேன்" என்றார். முன்னாலேயே வந்திருந்தால், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

நாக்கில் பாதியை எடுத்தார்கள். கழுத்திலும் வெட்டினார்கள். பிறகு ஊரார் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். அதில் வாய் வெந்து, எச்சில் வற்றி, ஆள் பாதியானான். வீட்டுக்கு வந்தவன் கஞ்சியைக் குழாயில் குடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். தேவசகாயம் வெள்ளிக்கிழமைதோறும் வந்து எதிரே உட்கார்ந்து, ஷாப்பில் நடந்ததையெல்லாம் தனக்குத் தெரிந்தமட்டும் சொல்வான். அவனுக்குக் கதை சொல்லத் தெரியாது. முடிவை முதலில் சொல்லிவிடுவான். ஜியாவுல்லா கையைத் தூக்கித் தடுப்பான், பிறகு விட்டுவிடுவான். இந்தக் காட்சியைப் பார்க்க முடியாமல் ஷஹீன் பானு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர்தான் இதுவும்.

நோய் கழுத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது, ஆறு மாதமோ என்னவோ, என்று வேலூர் டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் ஹெலன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே அழுதாள். வராத மாதங்களை எப்படியோ சமாளித்தாயிற்று, கடைசி மாதப் பரிசோதனை ஒன்று பாக்கி இருக்கிறது, ஆரோக்கியப் பிரிவில் ஒருவர் குறைந்தாலும் ஆய்வு செல்லாது, பட்டம் கிடைக்காது, அப்பாவின் வீடு போய்விடும் என்றாள்.

"வெக்கமா இல்லியாமா உனக்கு?" என்றாள் ஷஹீன் பானு. "அந்த எடத்துக்கு மறுக்கா இவரு வரணுமா? என்னாத்த காட்டறதுக்கு?"

ஜியாவுல்லா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். ஹெலன்மேல் இரக்கமா, வேறு எண்ணம் ஏதாவது இருந்ததா என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. தேவசகாயமும் கூடக் கிளம்பினான், அவனுக்கும் அதே நாள்தான் கடைசிப் பரிசோதனை.

கல்லூரி விழாக்கோலத்தில் இருந்தது. ஆய்வு முடிகிற நாள் என்பதால் சேர்மனே வந்திருந்தார். அவர் மைக்கைப் பிடித்து, "இந்தத் தொழில்மேல ஆயிரம் பேர் பழி போடறான். கெமிக்கல்ங்கறான், காத்துங்கறான், தண்ணிங்கறான். இன்னிக்கு அறிவியல் வந்து உண்மையச் சொல்லப்போவுது. தொழிலாளி தன் வாயத் தானே பாத்துக்கிட்டா, நாங்க ஏன் பாக்கணும்?" என்றார். கைதட்டினார்கள். அவர் சொன்னதை அவரே ஒருமுறை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜியாவுல்லாவை நாற்காலியில் படுக்கவைத்தார்கள். முதல் நாளைப் போலவே மாணவர்கள் வட்டமாக நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் புதியவர்கள். டாக்டர் பரந்தாமன் விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னார். வாய் விரலளவுதான் திறந்தது. அவர் குனிந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது, பிறகு மெல்ல மெல்ல விரிந்தது.

"எல்லாரும் வந்து பாருங்க. புண் இருக்கா?"

மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். ஒரு பெண் தயங்கி, "சார், நாக்குல பாதி..." என்றாள்.

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். புண் இருக்கா, இல்லியா?"

"இல்ல சார்."

"இல்ல. நான் அன்னிக்கே சொன்னேன், யாரும் நம்பல. ஹெலன், எழுதிக்கம்மா."

ஹெலன் எழுதினாள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். பழக்கம் இல்லாதவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் இல்லை என்று ஆய்வு நிறைவடைந்தது. சேர்மன் ஜியாவுல்லாவுக்குச் சால்வை போர்த்தினார். "ரெண்டு வார்த்த பேசுங்க பாய்" என்று மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

ஜியாவுல்லா பேசினான். இதற்காகத்தான் வந்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, நீளமாக வந்தது, நடுவில் நிறுத்தி எச்சிலைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினான். மைக்கில் அது கூடம் முழுக்கக் கேட்டது. சொல் என்று ஒன்றுகூட விளங்கவில்லை.

"நன்றி சொல்றாரு" என்றார் டாக்டர் பரந்தாமன் சேர்மனிடம்.

"நன்றி இல்ல சார்" என்றாள் ஷஹீன் பானு. புருஷனின் புதிய பாஷை அவள் ஒருத்திக்குத்தான் அந்தக் கூடத்தில் தெரியும். "பாதி நாக்கு இல்லன்னும் எழுதச் சொல்றாரு. புண்ணு இல்லன்னு எழுதுனீங்களே, அதுக்குப் பக்கத்துலயே எழுதணுமாம்."

 டாக்டர் பரந்தாமன் ஹெலன் கையிலிருந்த தாள்களை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகத் தேடினார். இரண்டாம் தடவையும் தேடினார். பிறகு நிமிர்ந்து, மனப்பூர்வமான வருத்தத்தோடு சொன்னார்.

"நாக்கு இருக்கா, இல்லியான்னு ஒரு கேள்வியே இதுல இல்லியேம்மா."

தாள்களை மூடிவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். தேவசகாயம் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான்.